கடிக்கிற குட்டிக்கு கொஞ்சம் டைம் கொடுங்க

போன மாசம் நம்ம காலேஜ் பின் கேட் பக்கம் டீ குடிக்கப் போனவங்க எல்லாரும் அந்தக் குட்டியைப் பார்த்திருப்பீங்க. செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் இன்னொரு காது மடங்கியும் இருக்கும், கழுத்துல சிவப்பு பெல்ட். பெல்ட் இருக்குன்னா அதுக்கு ஒரு வீடு இருந்திருக்குன்னு அர்த்தம். டீக்கடை அண்ணன்கிட்ட விசாரிச்சேன். நம்ம பசங்கதான், வெளியில வீடு எடுத்துத் தங்கியிருக்கறவங்க, ராத்திரி பைக்ல கொண்டு வந்து இறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு, "ரொம்பக் கடிக்குதுண்ணா, மெத்தையெல்லாம் நாஸ்தி பண்ணிடுச்சு"ன்னு சொன்னாங்களாம். இந்த செமஸ்டர்ல எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது குட்டி. மூணுக்கும் வயசு நாலு மாசம், அஞ்சு மாசம், அவ்வளவுதான்.

மூணும் ஒரே வயசுல தெருவுக்கு வந்தது தற்செயல்னு எனக்குத் தோணலை. ரெண்டு மாசக் குட்டியை யாரும் விட மாட்டாங்க, அது அவ்வளவு அழகா இருக்கும். ஒரு வயசு நாயையும் சட்டுனு விட மாட்டாங்க, அதுக்குள்ள அது வீட்டு ஆள் ஆகியிருக்கும். நடுவுல இருக்கற இந்த ரெண்டு மூணு மாசத்துலதான் அழகும் குறையுது, கடியும் கூடுது. அந்தக் கடிக்குக் காரணம் பல்லு முளைக்கறது. இது தெரியாததால ஒரு உயிர் ரோட்டுக்கு வருதுன்னா, அதைப் பத்தி நம்ம மேகஸின்ல ஒரு கட்டுரை எழுதலாம்னு தோணிச்சு. ப்ளேஸ்மென்ட் டிப்ஸ் எழுத நிறைய பேர் இருக்காங்க.

முதல்லயே ஒண்ணை ஒத்துக்கறேன். நான் நல்ல பிள்ளை இல்லை. எங்க வீட்டுக் குட்டியை நானும் அடிச்சிருக்கேன். அதைப் பின்னாடி சொல்றேன்.

எங்க வீட்டுக்கு ஜீரோ வந்தது ஆகஸ்ட் கடைசியில. ஜீரோத் ரிவ்யூ முடிஞ்சு, கைடுகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு திரும்பி வர்ற வழியில, மழைத் தண்ணி போற கால்வாய் ஓரத்துல தனியா கத்திக்கிட்டு இருந்தா. அதனால ஜீரோன்னு பேரு. நாலு பசங்க இருக்கற வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சமையல் கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, தரை முழுக்க வயரும் செருப்பும். கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க இருந்த டாக்டர் மேடம் வாயைத் திறந்து பார்த்துட்டு, "ஒன்பது வாரம் இருக்கும்"னு சொன்னாங்க. எப்படி மேடம்னு கேட்டேன். "பல்லைப் பார்த்தா தெரியும் தம்பி"ன்னாங்க. அப்போ அதை நான் பெருசா எடுத்துக்கலை.

உண்மையிலயே ஒரு குட்டியோட வாய் ஒரு டைம்டேபிள் மாதிரிதான். பிறக்கும்போது பல்லே இருக்காது. மூணாவது வாரத்துல இருந்து பால் பல்லு வர ஆரம்பிச்சு, ரெண்டு மாசத்துக்குள்ள 28 பல்லும் வந்துடும். ஊசி மாதிரி இருக்கும், நம்ம கையில படும்போது தெரியும். கிட்டத்தட்ட மூணு மாசத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள முன்பல்லு விழ ஆரம்பிக்கும். அப்புறம் பக்கத்துப் பல்லு, கோரைப் பல்லுன்னு ஒவ்வொண்ணா மாறி, ஆறு ஏழு மாசத்துல 42 நிரந்தரப் பல்லும் வந்து நின்னுடும். 28 எடுத்து 42 வைக்கிறாங்க, அதுவும் ஒரு மூணு நாலு மாசத்துக்குள்ள. நமக்கு ஆறு வயசுல ஆரம்பிச்சு பன்னெண்டு வயசு வரைக்கும் இழுத்த வேலை. எனக்கு போன வருஷம் ஒரே ஒரு ஞானப்பல்லு முளைச்சப்போ ரெண்டு நாள் கிளாஸ் கட் பண்ணிட்டுப் படுத்திருந்தேன்.

புதுப் பல்லு கீழ இருந்து தள்ளும்போது பால் பல்லோட வேர் கரைஞ்சு போகும், பல்லு ஆடும், ஈறு சிவந்து வீங்கும், அரிக்கும். குட்டிக்கு கை இல்லை. ஈறை எதுலயாவது வைச்சு அழுத்தினா கொஞ்சம் நல்லா இருக்கு. அந்த எதுலயாவதுங்கறது சில சமயம் உங்க செருப்பு, சில சமயம் கதவு ஓரம், பல சமயம் உங்க கை.

இதைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை, கொஞ்சம் குனிஞ்சு பார்க்கணும். எச்சில் வழக்கத்தை விட அதிகமா ஒழுகும். சாப்பாட்டுத் தட்டுகிட்ட ஆசையா ஓடி வரும், ஆனா மெதுவா, ஒரு பக்கமா மெல்லும். கடிச்ச துணியில குட்டிக் குட்டியா ரத்தப் பொட்டு இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு சிவப்பா இருக்கும், ஒரு பல்லு இடம் காலியா இருக்கும். விழுந்த பல்லு பெரும்பாலும் நம்ம கண்ணுல படாது, சாப்பாட்டோட முழுங்கிடும். அதனால ஒண்ணும் ஆகாது.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அக்டோபர் மாசம் ஜீரோவுக்கு நாலு மாசம் நடக்கறப்போ என் லேப்டாப் சார்ஜரைக் கடிச்சா. வயர் பிஞ்சு உள்ள செம்பு தெரியுது. மறுநாள் இன்டர்னல். நான் கையில இருந்த ரெக்கார்ட் நோட்டைச் சுருட்டி மூஞ்சியிலயே ரெண்டு போட்டேன். அவ கத்தின கத்துல பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல்ல எட்டிப் பார்த்தாங்க. கட்டிலுக்கு அடியில போனவ மறுநாள் மத்தியானம் வரைக்கும் வெளிய வரலை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் உள்ள போறா. அப்புறம் பெருக்கும்போதுதான் பார்த்தேன், கட்டிலுக்குக் கீழ பாயில ஒரு பல்லு. அரிசி அளவுதான், அடியில லேசா ரத்தம். அன்னைக்கு ராத்திரி அவளுக்கு வலிச்சுக்கிட்டு இருந்திருக்கு, நான் அந்த வாயிலயே அடிச்சிருக்கேன்.

இதுல எனக்கு ரெண்டு விஷயம் புரிஞ்சுது. ஒண்ணு, அந்த வயர் ப்ளக்ல ஆன்ல இருந்திருந்தா 230 வோல்ட் அவ வாய் வழியா போயிருக்கும். நான் ட்ரிபிள் இ படிக்கிறேன், மூணரை வருஷமா. ஸ்விட்சை ஆஃப் பண்ணி வயரைச் சுருட்டி மேல வைக்கற அறிவு என்கிட்ட இருந்திருக்கணும், நாலு மாசக் குட்டிகிட்ட எதிர்பார்க்கக் கூடாது. ரெண்டாவது, அடிச்சதால அவ கடிக்கறதை நிறுத்தலை. என்னைப் பார்த்தா பதுங்கறதை மட்டும் கத்துக்கிட்டா. எங்க ரூம்மேட் கையைக் கடிக்கறது அப்படியே இருந்தது. அரிப்பு ஈறுல இருக்கு, அடி முதுகுல விழுந்தா அரிப்பு எப்படிப் போகும்?

"நாய்னா ரெண்டு போடு போட்டாதான் அடங்கும்"னு எங்க தாத்தா சொல்வாரு. அவர் வளர்த்த நாயெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மறுக்கலை. ஆனா அந்த நாயெல்லாம் தோட்டத்துல கிடந்துச்சு. கடிக்கத் தென்னை மட்டை இருந்துச்சு, விறகு இருந்துச்சு, கூட ரெண்டு குட்டி இருந்துச்சு. பல்லு முளைச்சதே யாருக்கும் தெரியாம முளைச்சு முடிஞ்சிருக்கும். பத்துக்குப் பத்து ரூம்ல அடைச்சு வைச்ச குட்டிக்கு நம்ம பொருளைத் தவிர வேற என்ன இருக்கு?

கூடப் பிறந்த குட்டிங்க இருக்கறது முக்கியமான விஷயம். குட்டிங்க ஒண்ணோட ஒண்ணு கடிச்சு விளையாடும்போது ஒண்ணு ரொம்ப அழுத்திக் கடிச்சா இன்னொண்ணு வீல்னு கத்திட்டு விளையாட்டை விட்டுடும். இப்படித்தான் எவ்வளவு அழுத்தினா வலிக்கும்னு அதுங்க கத்துக்குது. ஒரு மாசத்துலயே தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு வந்தா அந்தப் பாடம் பாதியில நின்னுடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதுன்னு 2017ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்லயே இருக்கு. ஆனா "இன்னும் கண்ணே சரியா திறக்கலை, பாருங்க எவ்வளவு க்யூட்"னு ஸ்டேட்டஸ் போடறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. எங்க ஊர்ல ஒரு சொந்தக்காரர் ராஜபாளையம் குட்டி வாங்கினாரு. அது வர்றவங்க கையை எல்லாம் கடிக்கும். அவருக்கு அவ்வளவு பெருமை. "ரத்தம் அப்படி, இப்பவே பாரு வீரத்தை"ன்னு கையை நீட்டி நீட்டி உசுப்பேத்துவாரு. அதே வயசுல, அதே பால் பல்லுல ஒரு தெருக்குட்டி கடிச்சா "இது சரிப்படாது, வெறி புடிச்ச சாதி"ன்னு சொல்றோம். ரெண்டு வாயிலயும் அதே 28 பல்லுதான் ஆடுது. ஒண்ணுக்கு வீரம்னு பேரு வைச்சு உசுப்பி விடறோம், இன்னொண்ணுக்கு வெறின்னு பேரு வைச்சுத் துரத்தறோம். ரெண்டுமே தப்பு. உசுப்பி விட்ட குட்டி 25 கிலோ ஆனதும் அதே விளையாட்டைத்தான் விளையாடும். அப்போ "இது ஏன் இப்படி மாறிடுச்சு"ன்னு கேட்பாங்க.

சரி, அடிக்கக் கூடாது, விடவும் கூடாது, என்னதான் பண்றது? நாங்க பண்ணினதைச் சொல்றேன். செலவு பெருசா இல்லை.

ஈறு வீக்கத்துக்குக் குளிர்ச்சி நல்லா கேட்கும். பழைய டர்க்கி டவலைக் கிழிச்சு, தண்ணியில நனைச்சு, முறுக்கி, நடுவுல ஒரு முடிச்சு போட்டு ஃப்ரீசர்ல வைக்கணும். எங்ககிட்ட ஃப்ரிட்ஜ் இல்லைன்னு சொன்னேனே, கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட கேட்டோம். அவங்க முதல்ல முறைச்சாங்க, அப்புறம் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா கொடுத்து "இதுக்குள்ள போட்டு மூடி வைங்கடா, என் மாவுகிட்ட வைக்காதீங்க"ன்னாங்க. ரெண்டு துணி மாத்தி மாத்தி ஓடுச்சு. ஒண்ணு அவ வாயில, ஒண்ணு ஃப்ரீசர்ல. நூல் பிரிய ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுடணும், நூலை முழுங்கினா குடல்ல சிக்கும். பெரிய கேரட்டைக் குளிர வைச்சுக் கொடுத்தாலும் நல்லா கடிக்கும், ஆனா நாம பக்கத்துல இருக்கணும். துண்டு உடைச்சு அப்படியே முழுங்கப் பார்க்கும்.

ஐஸ் கட்டியை அப்படியே கொடுக்காதீங்க. ரொம்பக் கெட்டியான எதையும் கொடுக்காதீங்க. மேடம் சொல்லிக் கொடுத்த டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிச்சுது: கட்டை விரல் நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் கொஞ்சமாவது பதியணும். பதியலைன்னா அது பல்லை உடைக்கும். மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல ஹார்ட்னஸ் பார்க்க எவ்வளவு பெரிய மெஷின் வைச்சிருக்கோம், இங்க நகம் போதும். தேங்காய் மட்டை கொடுக்கலாமான்னு கேட்டதுக்கு, நாரை முழுங்கிடும், வேண்டாம்னாங்க. பிரியாணி எலும்பு கூடவே கூடாது. வேக வைச்ச கோழி எலும்பு கூரா பிளக்கும், தொண்டையில இருந்து குடல் வரைக்கும் எங்க வேணாலும் குத்தும். ஞாயித்துக்கிழமை மெஸ் வாசல்ல பாசமா எலும்பு போடற அண்ணன்மார்களே, உங்களைத்தான்.

அதே மாதிரி, குட்டிக்கு வலிக்குதேன்னு உங்க டப்பாவுல இருக்கற பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துடாதீங்க. நாய்க்கு ரெண்டுமே விஷமாகலாம். எங்க நாலு பேர்ல ஒருத்தன் பால்ல கரைக்கவே ஆரம்பிச்சுட்டான். நல்லவேளை, முதல்ல போன் பண்ணிக் கேட்டோம். நாற்காலிக் காலுல மிளகாய்ப் பொடி தடவற ஐடியாவும் எங்களுக்கு வந்துச்சு. வெந்த ஈறுல மிளகாயான்னு நினைச்சுப் பார்த்ததும் கைவிட்டோம்.

பழைய செருப்பைப் பொம்மையாக் கொடுக்கறது எல்லாரும் பண்ற தப்பு, நாங்களும் பண்ணினோம். இது பழசு, இது 1500 ரூபா கொடுத்து வாங்கின புதுசுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? செருப்பு வாசனை வந்தா கடிக்கலாம்னு நாமே சொல்லிக் கொடுத்துட்டோம். கடிக்க வேண்டியது ஒரு தினுசுல இருக்கணும், கடிக்கக் கூடாதது இன்னொரு தினுசுல இருக்கணும். கடிக்கக் கூடாததைக் கீழ வைக்கவே கூடாது. எங்க வீடு சுத்தமா இருந்தது அந்த மூணு மாசம் மட்டும்தான். எங்கம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு யார் வீடுன்னு கேட்டாங்க.

கையைக் கடிச்சா? இழுக்காதீங்க, இழுத்தா அது விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் கவ்வும், பல்லும் கிழிக்கும். ஒரு நொடி அசையாம இருங்க, துணியை வாயில கொடுங்க. துணியைக் கவ்வினா தட்டிக் கொடுங்க. திரும்பவும் கையைத்தான் தேடுதுன்னா எழுந்து போயிடுங்க, அரை நிமிஷம் முதுகைக் காட்டுங்க. அதுக்கு நீங்க விளையாட்டை நிறுத்தறதுதான் பெரிய தண்டனை. இதுல கஷ்டம் என்னன்னா நாலு பேரும் ஒரே மாதிரி பண்ணணும். மூணு பேர் எழுந்து போய், நாலாவது ஆள் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினா வேலைக்கு ஆகாது. எங்க நாலாவது ஆளைத் திருத்தத்தான் ஜீரோவை விட அதிக நாள் ஆச்சு. அப்புறம் தூக்கம். இந்த வயசுக் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைக்கும் தூங்கும். நாம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டைப் போட்டு கேம் ஆடினா அது எங்க தூங்கும்? தூக்கம் கெட்ட குட்டி இன்னும் மூர்க்கமாக் கடிக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஜீரோ பேய் மாதிரி ஆடினதுக்குப் பாதிக் காரணம் இதுதான்னு, மூலையில ஒரு அட்டைப் பெட்டி வைச்சு போர்வை போட்டு இருட்டாக்கினப்போதான் தெரிஞ்சுது.

இப்போ எதிர்ப்பக்கம். எல்லாத்தையும் பல்லு மேல போடறதும் ஆபத்து. பல்லு முளைக்கறதால பசி கொஞ்சம் குறையலாம், லேசா சோர்வா இருக்கலாம். ஆனா வாந்தி, ரத்தம் கலந்த பேதி, காய்ச்சல், ஒரு நாள் முழுக்க சாப்பிடாம சுருண்டு படுக்கறது, இதெல்லாம் பல்லு இல்லை. தடுப்பூசி முழுசாப் போடாத குட்டிகளுக்கு பார்வோன்னு ஒரு வைரஸ் வரும், ரெண்டு மூணு நாள்ல ஆளை முடிச்சுடும். அதுவும் இதே வயசுலதான் தாக்கும். என் கிளாஸ்மேட் ஒருத்தன் வீட்டுல "பல்லு முளைக்குது, பேதி போகத்தான் செய்யும்"னு ரெண்டு நாள் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மூணாவது நாள் குட்டி இல்லை. பேதின்னா அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க. அதே மாதிரி ஆறு ஏழு மாசம் ஆகியும் ஒரே இடத்துல பால் கோரைப் பல்லும் புதுக் கோரைப் பல்லும் சேர்ந்து நிக்குதுன்னா காட்டிடணும். பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதிங்கள்ல இது அதிகம். விட்டா புதுப் பல்லு கோணலா வந்து மேல் அண்ணத்துல குத்தும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், என் கட்டுரையை யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. "பல்லு முளைக்கற குட்டிதானே, கடிச்சா என்ன"ன்னு நான் சொல்லவே இல்லை. மூணு மாசத்துலதான் குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடுவாங்க. அது வேலை செய்ய இன்னும் சில வாரம் ஆகும். அதாவது குட்டி அதிகமாக் கடிக்க ஆரம்பிக்கற காலமும் அதுக்கு இன்னும் பாதுகாப்பு வராத காலமும் ஒண்ணா வருது. குட்டிக்கு ரேபிஸ் வராதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வரும். வந்து அறிகுறி தெரிஞ்சதுக்கு அப்புறம் மனுஷனுக்கும் சரி, நாய்க்கும் சரி, காப்பாத்த வழி இல்லைன்னே வைச்சுக்கோங்க.

செப்டம்பர்ல, ஜீரோவுக்கு அந்த ஊசி போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, எங்க வீட்டுக்கு வந்த ஜூனியர் தம்பி ஒருத்தனோட விரலை அவ பல்லு கீறிடுச்சு. லேசா ரத்தம். அவன் சட்டையில துடைச்சுக்கிட்டு "பரவால்லண்ணா, குட்டிதானே"ன்னான். வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு பயம். நாங்க விடலை. குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வைச்சோம், அவனுக்கே வெட்கமாப் போச்சு. அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. அங்க ஊசி இலவசம். அன்னைக்கு ஒண்ணு, மூணாவது நாள், ஏழாவது நாள், 28வது நாள். ரத்தம் வந்த காயம்னா ஊசியோட சேர்த்து இம்யூனோகுளோபுலினும் போடணும், அதை டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவாங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீங்க. நாலு நாளும் அவனை பைக்ல கூட்டிட்டுப் போனது நான்தான், 28வது நாள் ஊருக்குப் போறேன்னு நழுவப் பார்த்தான். நாய் பிடிக்கும்னு சொல்றவங்களுக்கு இந்த அலைச்சல்ல எந்தச் சலுகையும் கிடையாது. பிடிக்கும்னா இன்னும் ஒழுங்கா செய்யணும்.

சில பேர் கேட்பீங்க, இவ்வளவு வேலையும் செலவும் ஸ்டூடன்ட்ஸுக்கு எதுக்குடா? நியாயமான கேள்விதான். என் பதில், அப்படின்னா எடுக்காதீங்க. எடுக்காம இருக்கறதுல எந்தத் தப்பும் இல்லை. ஹாஸ்டல்ல இருக்கீங்க, டிசம்பர்ல ஒரு மாசம் லீவு, மே மாசம் இன்டர்ன்ஷிப்புக்கு பெங்களூர்னா நீங்க குட்டி எடுக்கக் கூடாது. ரோட்டுல இருக்கற குட்டிக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க, ஊசி போட உதவி பண்ணுங்க, வீட்டுல இடம் இருக்கற யாராவது கிடைப்பாங்களான்னு தேடுங்க. எடுத்துட்டு நாலாவது மாசத்துல கொண்டு வந்து விடறதுதான் கொடுமை. ரெண்டு மாசத்துல இருந்து தட்டுல சோறு பார்த்த குட்டிக்கு தெருவுல சண்டை போடத் தெரியாது. ஏற்கனவே அங்க இருக்கற நாய்ங்க அதை விடாது. மனுஷன் கையைக் கவ்விப் பழகினது, தெரியாத ஒருத்தர் கையைக் கவ்வப் போகும். அவங்க கல்லெடுப்பாங்க. அப்புறம் அது நிஜமாவே கடிக்கிற நாய் ஆகும். காலேஜ் பக்கம் நாய்த் தொல்லைன்னு நாமதான் முதல்ல குரூப்ல மெசேஜ் போடுவோம்.

ஜீரோவுக்கு இப்போ ஏழு மாசம். 42 இருக்கான்னு எண்ணிப் பார்க்க முயற்சி பண்ணினேன், 30க்கு மேல அவ விடலை. சார்ஜர் பக்கம் போறதில்லை. டவலை மட்டும் இன்னும் தூக்கிட்டுத் திரியறா. மே மாசம் கோர்ஸ் முடிஞ்சதும் என்கூட ஊருக்கு வர்றா. அம்மா முதல்ல முடியவே முடியாதுன்னாங்க, போன வாரம் "கேரட் சாப்பிடுமா"ன்னு கேட்டாங்க. நான் நோட்டு எதையாவது சுருட்டினா மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில போறா. மூணு மாசம் ஆச்சு.

பின் கேட் செவலைக்குட்டி இப்போதைக்கு டீக்கடை அண்ணன் வீட்டுல இருக்கு. ரெண்டாவது ஊசிக்கு வர்ற சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போறோம், பிடிச்சுக்க ஒரு ஆள் குறையுது. உங்க வீட்டுல கடிக்கிற குட்டி இருந்து ராத்திரி பைக்ல கூட்டிட்டுப் போற ஐடியா ஏதாவது இருந்தா, அதுக்கு முன்னாடி ஒரு தடவை ட்ரிபிள் இ பிளாக் ரெண்டாவது மாடிக்கு வந்து என்னைப் பாருங்க. ஃப்ரீசர் வேணும்னா ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட நான் பேசறேன்.